நாற்பதாவது வித்தியாசப் பெட்டி

அந்தத் துண்டுச்சீட்டு என் மேஜைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை டீ வருவதற்கு முன்பு. பச்சை மையில் இரண்டே ஆங்கிலச் சொற்கள். கூஃப். ஸ்க்ரூ-அப். கீழே, ‘இரண்டுக்கும் வித்தியாசம் எழுதவும். ஒரு பெட்டி. பத்து வரிக்கு மிகாமல்’ என்று ஓர் உத்தரவு. அதற்கும் கீழே, உத்தரவைவிடப் பெரிதாக ஒரு கையெழுத்து.

சீட்டை இரண்டு தடவை படித்தேன். பிறகு கண்ணாடிக் கதவு வழியாகத் தலைமைப் பதிப்பாசிரியரைப் பார்த்தேன். மகள் வீட்டுக் குளியலறைக்கு எந்த நிற டைல்ஸ் போடுவது என்று போனில் பேசிக்கொண்டே மனிதர் பக்கங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த இரண்டு சொற்களையும் எட்டு மாதத்துக்கு முன்பு எங்கே, யாரைப் பற்றிச் சொன்னோம் என்று அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால், இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கமாட்டார். அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஒரு எழுத்து விடாமல் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் தயாராவது பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி. ஒரு வங்கி காலி செய்துவிட்டுப் போன மாடி அது. பணம் வாங்குகிற ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. மொத்தம் மூன்று பேர். சொற்களுக்குப் பொருள் எழுதுவது நான். அதைக் கணினியில் பக்கமாகக் கட்டுகிறவர் ஒருவர். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். கட்டிய பக்கத்தைப் பச்சைப் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமைப் பதிப்பாசிரியர். நேரில் அவரை சார் என்பேன். வீட்டில் அவருக்குப் பெயர் பச்சைப் பேனா.

பதினோரு வருடம் அங்கே பொருள் எழுதியிருக்கிறேன். அகராதியின் முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் ‘இணைப் பதிப்பாசிரியர்’ என்று வரும் என்பது எனக்குக் கொடுத்த வாக்கு. ஒரே ஒரு வரிதான். ஆனால் ஏ-யிலிருந்து இஸட் வரைக்கும் பதினோரு வருடம் நான் நகர்ந்ததே அந்த ஒரு வரியை நோக்கித்தான். அந்த வரியைத்தான் அவர் என்னிடமிருந்து பிடுங்கினார்.

பிடுங்கிய கதை இது. இன்ஃப்ளேமபிள் என்று ஒரு ஆங்கிலச் சொல். பெட்ரோல் டேங்கர் பின்னால் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்குமே, அது. ‘எளிதில் தீப்பற்றக்கூடிய’ என்று நான் பொருள் எழுதினேன். எழுதாமல் என்ன? என் கணவருக்கு வேலையே பெட்ரோல் டேங்கர் ஓட்டுவதுதான். பதினான்கு வருடமாக அந்தச் சிவப்பு எழுத்து பத்திரமாகத் திரும்பி வரவேண்டுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் உலகத்தில் யாராவது இருக்கலாம், அது நானாக இருக்க முடியாது.

பச்சைப் பேனா என் வரியை அடித்தார். ஓரத்தில் ‘இன் என்று தொடங்கினால் எதிர்மறை என்பதுகூடத் தெரியாதா?’ என்று எழுதி, ‘தீப்பற்றாத’ என்று மாற்றினார். ஓரத்தில் இருந்ததை அண்ணன் பிறகு தனியாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாற்றிய தாள் என்னிடம் திரும்பி வரவில்லை, அப்போதெல்லாம் வரும் வழக்கமும் இல்லை. நேராக அண்ணனிடம் போய், அச்சுக்குப் போய், பள்ளிகளுக்கும் போய்விட்டது. ஓர் ஆசிரியை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். ஒரே வாரத்தில் ஊர் சிரித்தது. நல்லவேளை, அகராதியை நம்பி யாரும் எதையும் கொளுத்திப் பார்க்கவில்லை.

அகராதிக் குழு எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டது. குழுத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நீள மேஜையின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நாங்கள் மூவரும். சார் எழுந்து, டையைச் சரிசெய்துகொண்டு, வருத்தமாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அது என்னோட கூஃப், ஒத்துக்கறேன். ஆனா எழுதினவங்க பண்ணினது கூஃப் இல்ல. அது சுத்தமான ஸ்க்ரூ-அப்.”

அவருடையது சின்ன அசட்டுத் தப்பு, என்னுடையது முழுச் சொதப்பல் என்று அர்த்தம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழுந்து, நான் எழுதியது இதுவல்ல, இவர்தான் மாற்றினார் என்றேன். “தாளைக் காட்டுங்கள்” என்றார் தலைவி. திருத்திய தாள்கள் பழைய பேப்பருக்குப் போய்விட்டிருந்தன. இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவர் இப்படி ஒரு தப்பைச் செய்வாரா என்று குழுவில் ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவரைப் படிக்கட்டில் பிடித்தேன்.

“நீங்கதானே அண்ணே அந்தத் திருத்தத்தைக் கணினியில ஏத்தினீங்க. பச்சை மை உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?”

“தெரிஞ்சுதும்மா.”

“அப்ப உள்ள வந்து சொல்லுங்க.”

“எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காங்கம்மா. சின்னவ இன்னும் படிப்பே முடிக்கல.”

அந்த இரண்டு பெண்களையும் எனக்குத் தெரியும். அதனால் அவரை வாய்விட்டுத் திட்ட முடியவில்லை, மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

முடிவு என்ன ஆயிற்று என்றால், திருத்திய பதிப்பு ஒன்றை அவசரமாகக் கொண்டுவர வேண்டும், அதுவரைக்கும் நான் இருக்கலாம், அதோடு என் வேலை முடியும், முதல் பக்கத்தில் என் பெயர் வராது. இனி இப்படி நடக்காமல் இருக்க இரண்டு புது விதிகள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எழுதியவர் இடப்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். தலைமைப் பதிப்பாசிரியர் வலப்பக்கம் ‘வாசித்தேன்’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது முதல் விதி. இரண்டாவது, அப்படி இருவரும் போட்ட பிறகு ஒரு புள்ளியை மாற்றுவதானாலும் இரண்டு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. இரண்டாவது விதியைக் கொண்டுவந்ததே சார்தான். “இனிமே யாரும் யார் தலையிலும் பழி போட முடியாது பாருங்க” என்று அவர் குழுவிடம் விளக்கினார்.

எனக்கு வேலை போனதைவிட மற்றதுதான் தாங்கவில்லை. பள்ளியில் என் மகளை ‘தீப்பிடிக்காதவ’ என்று கூப்பிட்டார்கள். டிப்போவில் என் கணவர் வண்டியை விட்டு இறங்கினால், “என்னப்பா, உன் வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்களே, டேங்கர் மேலயே உக்காந்து சிகரெட் பத்த வைக்கலாமாமே” என்பார்களாம். அவர் இதை வீட்டில் சொல்லவில்லை. கூட ஓட்டுகிறவரின் மனைவி கடையில் பார்த்தபோது சொன்னாள். அன்றைக்குக் கறுவிக்கொண்டேன். இந்த ஆளை ஒரு நாள் நாலு பேர் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது.

இப்போது சீட்டு வந்திருக்கிறது, அதுவும் அவர் கையெழுத்தோடு.

வித்தியாசப் பெட்டி என்பது திருத்திய பதிப்பின் புது அலங்காரம். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சொற்களை எடுத்து, கட்டம் கட்டி, வித்தியாசம் சொல்லி, எடுத்துக்காட்டு தருவது. மொத்தம் நாற்பது. முப்பத்தொன்பதை எழுதி முடித்துவிட்டேன், ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. படிக்கிறவராக இருந்தால், பதினேழாவது பெட்டியில் ஒரே வரி இரண்டு முறை வந்திருந்ததைப் பார்த்திருப்பார். அதைக் கண்டுபிடித்தது அண்ணன்.

முதலில் நேர்மையாகத்தான் தொடங்கினேன். கூஃப் என்பதற்கு ‘அசட்டுப் பிழை’. ஸ்க்ரூ-அப் என்பதற்கு ‘குளறுபடி’. எழுதிப் பார்த்தால் போதவில்லை. ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்று சொன்னால் முடிந்துவிட்டதா? தவறு சின்னதா பெரியதா என்று யார் அளப்பது? அன்றைக்குச் சாயங்காலம் கணவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏங்க, ஸ்க்ரூ-அப்னா என்னன்னு நினைக்கறீங்க?”

“மேல் பக்கமா திருகறது.”

“அது இல்ல. ஒரு வேலையைச் சொதப்பறது.”

“அப்ப இன்னொண்ணு?”

“கூஃப். அதுவும் சொதப்பல்தான். ஆனா சும்மா சிரிச்சுட்டுப் போற மாதிரி.”

அவர் திருப்புளியால் முதுகைச் சொறிந்துகொண்டார். “ரிவர்ஸ் எடுக்கும்போது காலி டிரம்முல இடிச்சுட்டேன்னு வை.”

“கூஃப்.”

“டேங்க் மூடியை மூடாம அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டேன்.”

“அய்யய்யோ. ஸ்க்ரூ-அப்.”

“மூடாம விட்டது நானு. ஆனா டிப்போ ஆளுதான் மூடலைன்னு எழுதிக் குடுத்து அவன் வேலையைக் காலி பண்ணிட்டேன். அதுக்கு உன் புக்குல என்ன பேரு?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மிக்ஸியைத் திரும்ப மூடி, ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறதே என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மறுநாள் பெட்டியை எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. அது இதுதான்:

‘கூஃப், ஸ்க்ரூ-அப். இரண்டும் பேச்சுவழக்குச் சொற்கள். விண்ணப்பங்களிலும் தேர்வுத் தாள்களிலும் தவிர்க்கவும். கூஃப்: அசட்டுத்தனமான சிறு பிழை, செய்தவரும் சேர்ந்து சிரிக்கலாம். ஸ்க்ரூ-அப்: கவனக்குறைவால் ஒரு வேலையைக் குட்டிச்சுவராக்குவது, அப்படி ஆக்குகிற ஆளையும் குறிக்கும், சற்று மரியாதைக் குறைவான சொல். தன் பிழையை முதல் சொல்லாலும் பிறர் பிழையை இரண்டாம் சொல்லாலும் குறிப்பது சிலருடைய பழக்கம், அது தவறு. எடுத்துக்காட்டு: மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடினார், இது கூஃப். தலைமைப் பதிப்பாசிரியர், சரியாக எழுதியிருந்த பொருளைப் பச்சைப் பேனாவால் அடித்துத் தவறாக மாற்றி, அச்சுக்கும் அனுப்பினார், இது ஸ்க்ரூ-அப். பிறகு, அதை எழுதியவளே தவறு செய்ததாகக் குழுவிடம் சொல்லி அவள் வேலையைப் போக்கினார். இந்தப் பிற்பாதிக்கு மேற்கண்ட இரண்டு சொற்களும் பொருந்தா. காண்க: லை, இரண்டாம் பொருள்.’

லை என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் அகராதியில் முதல் பொருள் ‘படுத்திருத்தல்’. இரண்டாம் பொருள் ‘பொய்’.

எழுதியதை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இப்போது இவர் எழுந்து போய் உள்ளே சொல்லலாம், சொன்னால் இவருக்கு நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

“இப்படியே போடவாம்மா?” என்றார்.

“இப்படியே போடுங்கண்ணே.”

அவர் போட்டார். மற்ற முப்பத்தொன்பது பெட்டிகளுக்கும் மெல்லிய கோடு. இதற்கு மட்டும் தடித்த கோடு, அதுவும் இரட்டைக் கோடு. நான் சொல்லவே இல்லை. எட்டு மாதமாக அவர் வாய்க்குள் வைத்திருந்ததை அந்தக் கோட்டில் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன், என் கோபம் பாதி குறைந்தது.

வியாழக்கிழமை பக்கங்கள் கட்டுக் கட்டாக உள்ளே போயின. கூஃப் வருகிற ஜி வரிசை மூன்றாவது கட்டு. நான் என் இடத்தில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டைல்ஸ் முடிந்து, இப்போது குழாய்க்கு வந்திருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “பித்தளை வேண்டாம்னு சொல்லு, கறுத்துப்போகும்” என்றபடியே வாசித்தேன், கையெழுத்து, வாசித்தேன், கையெழுத்து என்று தள்ளிக்கொண்டு போனார். மூன்றாவது கட்டின் நடுவில் பேனா நின்றது. போனை வைத்தார். குனிந்து பார்த்தார்.

“அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க.”

எழுந்து போனேன். அவருடைய விரல் நாற்பதாவது பெட்டியின் மேல் இருந்தது.

“இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏன் கோடு இவ்வளவு தடியா இருக்கு?”

“அண்ணன் போட்டது சார். கடைசியா எழுதின பெட்டி, கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு.”

அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். “ம். எடுப்பாத்தான் இருக்கு. இருக்கட்டும்.”

‘வாசித்தேன்’ என்று எழுதி, வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஒரே ஒரு வரியைப் படித்திருந்தால் தப்பித்திருப்பார். அந்த வாய்ப்பை நான் அவருக்கு நியாயமாகவே கொடுத்தேன். அவர் விரல் வைத்திருந்த இடத்திலேயேதான் ‘பச்சைப் பேனாவால்’ என்ற சொல் இருந்தது.

அச்சகத்தில் தாள்கள் ஓடி முடிந்தன. பைண்டிங்குக்கு முன்பு ஒரு தொகுப்பு குழுத் தலைவிக்குப் போனது. வெளியீட்டு விழாவில் பேசுவதற்காக அவர் நாற்பது பெட்டிகளையும் உட்கார்ந்து படித்திருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்தவர் இல்லையா, படிக்கிற பழக்கம் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு உள்ளே போன் அடித்தது. சார் முதலில் சிரித்துக்கொண்டே பேசினார். பிறகு எழுந்து நின்றார்.

“வாசிச்சேன் மேடம்,” என்றார். “ஆமா மேடம், நானேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி விடாம வாசிச்சேன்.” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். “இல்ல மேடம், சும்மா ஒரு கற்பனை எடுத்துக்காட்டுதான்.”

வேறு என்ன சொல்வார்? வாசிக்கவில்லை என்று சொன்னால், குழுவுக்குக் கொடுத்த வாக்கு போய், அதோடு வேலையும் போகும். வாசித்தேன் என்று சொன்னால், தன்னைப் பற்றி எழுதியதற்குத் தானே ஒப்புதல் கொடுத்ததாக ஆகும். இரண்டில் ஒன்றை மென்று விழுங்கத்தான் வேண்டும். அவர் விழுங்குவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாவகாசமாகப் பார்த்தேன். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

போனை வைத்ததும் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“என்னம்மா இது?”

“பெட்டி சார்.”

“இது யாரைப் பத்தி?”

“யாரைப் பத்தியும் இல்ல சார். நீங்கதான் இப்ப கற்பனைன்னு சொன்னீங்க.”

“நான் இதைப் பாக்கவே இல்லையேம்மா.”

“கீழ வாசித்தேன்னு எழுதியிருக்கு சார். உங்க கையெழுத்து.”

அண்ணன் திடீரென்று ரொம்ப வேலை இருப்பவர்போல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இதோடு நின்றிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். அச்சகத்தில் யாரோ அந்தப் பெட்டியைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள். சத்தியமாக நான் இல்லை. ஆனால் பிடித்தவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்லக் காத்திருக்கிறேன். போன தடவை என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆசிரியர் கூட்டம் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தது. இரண்டே நாளில் அவருக்கு ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்: பிற்பாதி. “பிற்பாதி இன்னும் அங்கதான் இருக்காரா?” என்று அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டார்கள். என் மகளின் வகுப்பில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயர் மெல்ல நின்றுபோனது. என் கணவரிடம் டிப்போ மேனேஜர் வந்து, “உன் வீட்டம்மா பலே ஆளுப்பா” என்றாராம். அவர் அதை மட்டும் வந்த கையோடு என்னிடம் சொன்னார்.

சார் குழுவிடம் ஓடினார். அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அச்சடித்து மாற்றிவிடலாம் என்று கேட்டார். தாராளமாக மாற்றலாம், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று தலைவி சொல்லிவிட்டார். விதி அப்படி, அவரே கொண்டுவந்த விதி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. டை இல்லை, ஷேவ் செய்யவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கணவர் உள்ளே வரச்சொல்லி, துணி குவிந்திருந்த நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்கும் அளவுக்கு என் கோபம் என்னைக் கெடுத்துவிடவில்லை.

“நடந்தது நடந்துபோச்சும்மா,” என்றார். தண்ணீரைக் குடித்தார். “நான்தான் அந்த வார்த்தையை மாத்தினேன். உங்ககிட்ட ஒத்துக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல.”

“குழுகிட்ட ஒத்துக்குவீங்களா சார்?”

“அது எப்படிம்மா முடியும்? ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம். என் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் இதைப் பாக்கறாங்க. வெளிய தலை காட்ட முடியல.” அவர் குரல் உடைந்தது. பொய் அழுகை இல்லை, நிஜமாகவே கண் கலங்கியது. எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருப்பது எனக்குள் யாருக்கோ பிடிக்கவில்லை, அதுவும் தெரிந்தது.

ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். ஒன்று, நாற்பதாவது பெட்டியை நீக்குவதற்கான சீட்டு. வலப்பக்கம் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றது அகராதியின் முதல் பக்கம். முதல் பக்கம் இன்னும் அச்சாகவில்லை, கடைசியில்தான் ஓட்டுவார்கள்.

“நீங்க அதுல கையெழுத்துப் போடுங்க. நான் இதுல போடறேன். தலைவிகிட்ட பேசிட்டேன், அவங்க சரின்னுட்டாங்க. பாருங்க. உங்க பேரு. இணைப் பதிப்பாசிரியர். என் பேரு என்ன சைஸோ அதே சைஸ்.”

கணவர் என் பின்னால் வந்து நின்றார். “போட்டுடு,” என்று மெதுவாகச் சொன்னார். “இதுக்குத்தானே இத்தனை வருஷமா உயிரை விட்ட. அந்த ஆளுக்கு இதுவே போதும்.”

அவர் சொன்னது சரி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டேன், இதை மறைக்க விரும்பவில்லை. பழி வாங்கியாகிவிட்டது, நாலு பேர் சிரித்தாகிவிட்டது, என் பெயர் என்னிடம் திரும்பி வருகிறது. இதற்கு மேல் என்ன? கையெழுத்துப் போடும் முன்பு என் பெயரை அச்செழுத்தில் ஒரு தடவை ஆசை தீரப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்தைக் கிட்டே இழுத்தேன்.

என் பெயரின் நடுவில் பெரிய ற வரும். என் அப்பா தேடி வைத்த பெயர், அந்த எழுத்தில்தான் அதன் அர்த்தமே இருக்கிறது. தாளில் சின்ன ர இருந்தது.

பதினோரு வருடம் ஒரே அறை. வருகைப் பதிவேட்டில் தினமும் அவர் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர். எட்டு மாதமாக ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இடப்பக்கம் என் கையெழுத்து, வலப்பக்கம் அவருடையது. அத்தனை ஆயிரம் தடவையில் ஒரு தடவைகூட அவர் அதைப் பார்த்ததில்லை.

“இதை அண்ணன் டைப் பண்ணினாரா சார்?”

“இல்லம்மா. இது வெளிய தெரிய வேண்டாம்னு நானே உக்காந்து பண்ணினேன்.”

“படிச்சுப் பாத்தீங்களா?”

“படிக்காம கொண்டுவருவேனா? ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சேன்.”

பேனாவை மூடினேன். இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அவரிடமே நீட்டினேன்.

“பெட்டி இருக்கட்டும் சார்.”

“அப்ப உங்க பேரு?”

“இது வேண்டாம் சார்.”

“ஏம்மா? என்ன குறை இதுல? சைஸ் இன்னும் பெருசா வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம் சார். நீங்க கிளம்புங்க.”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார், பதிப்பக முகவரியைப் பார்த்தார், வருடத்தைப் பார்த்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார். கணவருக்குத் தாங்கவில்லை. என் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் அந்தச் சின்ன ர-வை அப்போதே பார்த்துவிட்டிருந்தார். சொல்வதற்காக வாயைத் திறந்தவரின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் கதவைச் சாத்தினார்.

திருத்திய பதிப்பு பெட்டியோடுதான் வந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது, கீழே ஒரு வரி அளவுக்கு வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். வேலை போய்விட்டது, வீட்டில் உட்கார்ந்து மருந்துக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்க்கிறேன். சில நாள் அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். அவர் இதுவரை மூன்று தடவை போன் செய்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை. அந்தத் தாளில் அப்படி என்னதான் பிழை, அதை மட்டும் சொல்லிவிடுங்கள், தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று கேட்கிறார். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.